ஈரம் புகாத ஜாயிண்டுக்கு எதை வாங்கலாம்: டேப், ஸ்லீவ், கிரீஸ், ஜெல் பெட்டி பற்றி ஒரு விமர்சனம்

போர் மோட்டார் ஜாயிண்ட், காம்பவுண்டு சுவர் விளக்கு, மொட்டை மாடி ஏசி அவுட்டோர் யூனிட், பைக் ஹெட்லைட்டுக்குப் பின்னால் தொங்கும் கப்ளர் (ஒயர்களைச் செருகிக் கழற்றும் பிளாஸ்டிக் இணைப்பு). ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் முதலில் மக்கர் பண்ணுவது இவைதான். பல நேரம் ஒயர் நன்றாக இருக்கும், மோட்டாரும் நன்றாக இருக்கும். இரண்டும் சேரும் இரண்டு அங்குல இடம் மட்டும் கெட்டிருக்கும். அந்த இடத்தைக் காப்பாற்ற என்ன வேண்டும் என்று கடையில் கேட்டால், கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒன்றை எடுத்து நீட்டுவார்கள். அதற்குமேல் என்னவெல்லாம் கிடைக்கிறது, எது எந்த வேலைக்கு, எது வீண்செலவு என்பதுதான் இந்த விமர்சனம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். தண்ணீருக்குள் இறங்கும் ஜாயிண்டுக்கு ரப்பர் டேப்பும், மாஸ்டிக் என்ற பிசுபிசுப்பான ரப்பர் பட்டையும். வெளிக்காற்றில் நிற்கும் ஒற்றை ஒயர்களுக்கு, சூடாக்கினால் சுருங்கிப் பிடிக்கும் பசை பூசிய ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ். கழற்றி மாட்டும் கப்ளருக்கு சிலிகான் கிரீஸ். கறுப்பு டேப் இவற்றின் மேல் போர்த்துகிற சட்டை, அவ்வளவுதான்.

எதிரி யார்

மழைத் தண்ணீர் பட்டுக் காய்ந்துவிட்டால் பெரிய சேதம் இல்லை. சேதம் செய்வது உப்பு. நாகப்பட்டினம், இராமேஸ்வரம், தூத்துக்குடி, சென்னையில் காசிமேடு மாதிரி இடங்களில் உப்புத் துகள் காற்றிலேயே வந்து படிகிறது. சமையல் உப்பான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே நீரை இழுத்துக் கரையும். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கோ 33 சதவீதமே போதும். நம் கடற்கரையில் ஈரப்பதம் அதற்குக் கீழே போவது அபூர்வம். ஆகவே உப்பு படிந்த ஜாயிண்ட் சித்திரை வெயிலிலும் முழுசாகக் காய்வதில்லை. செம்பில் பச்சைக் களிம்பு ஏறி, கரண்ட் போகும் பரப்பு சுருங்குகிறது. அந்த இடம் சூடாகிறது. சூட்டில் இன்சுலேஷன் இளகி வாய் பிளக்கிறது. அந்த வழியே இன்னும் ஈரம் நுழைகிறது.

பைக், கார், சோலார் மாதிரி டிசி ஒயரிங்கில் இன்னொரு கேடும் சேர்ந்துகொள்ளும். ஈரத்தின் வழியாகக் கசியும் சிறு கரண்ட் பாசிட்டிவ் பக்கத்துச் செம்பைக் கரைத்துக்கொண்டே இருக்கும். பழைய வண்டியின் கப்ளரைப் பிரித்தால் ஒரு பின் மட்டும் பச்சை பூத்து மெலிந்து போயிருப்பதும், பக்கத்துப் பின் பளபளவென்று இருப்பதும் இதனால்தான்.

பலர் கவனிக்காதது, பல இழை கொண்ட ஒயர் தண்ணீரை உறிஞ்சும் என்பது. ஒரு முனையில் ஈரம் தொட்டால் போதும், இழைகளின் இடுக்கு வழியே இன்சுலேஷனுக்குள்ளேயே மீட்டர் கணக்கில் ஏறிவிடும். ஒயரைச் சீவிப் பார்க்கும்போது உள்ளே செம்பு கறுத்திருந்தால் அந்தத் துண்டு போய்விட்டது என்று அர்த்தம். பளபளப்பான செம்பு வரும்வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும். கறுத்த செம்பில் எந்தச் சாமானைப் போட்டாலும் பயனில்லை.

கறுப்பு டேப்

ஸ்டீல்கிரிப் மாதிரி பிவிசி டேப் பத்திருபது ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஐஎஸ் 7809 முத்திரை பார்த்து வாங்கினால் இன்சுலேஷன் விஷயத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வீட்டுக்குள், காய்ந்த பெட்டிக்குள் தாராளமாகப் போடலாம். ஈரத்தைத் தடுக்க மட்டும் இதை நம்பக் கூடாது. காரணம் அதன் அமைப்பிலேயே இருக்கிறது. அடுக்கும் அடுக்கும் மெல்லிய பசையால் ஒட்டி நிற்கின்றனவே தவிர ஒன்றோடொன்று சேர்வதில்லை. ஒவ்வொரு சுற்றின் ஓரத்திலும் ஒரு நூலளவு சந்து இருக்கும். அந்தச் சந்து சுருள் பாதையாக வெளியிலிருந்து செம்பு வரைக்கும் போகும். தண்ணீருக்கு அது போதும்.

வெயிலில் பசை இளகி ஒழுகுவது அடுத்த சிக்கல். இழுத்து முறுக்கிச் சுற்றிய டேப் பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கும். பசை இளகியதும் கடைசி முனை உரிந்து கொடி மாதிரி நிற்கும். அதனால் கடைசி இரண்டு அங்குலத்தை மட்டும் சற்றும் இழுக்காமல் படியவைத்து, விரலால் தேய்த்து, கத்தரியால் வெட்ட வேண்டும். பல்லால் கடித்து இழுத்தால் அந்த முனைதான் முதலில் உரியும். 3எம் நிறுவனத்தின் ஸ்காட்ச் சூப்பர் 33+ கொஞ்சம் மேல்: 0.18 மி.மீ. கனம், 105 டிகிரி வரை தாங்கும், பசையும் அவ்வளவு சீக்கிரம் ஒழுகாது. விலை பல மடங்கு. வெயில் படும் வெளிப்புற அடுக்குக்கு மட்டும் இதை வாங்கினால் போதும்.

ரப்பர் டேப்

இந்தப் பட்டியலில் ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் இதைத்தான் வாங்க வேண்டும். பரவலாகக் கிடைப்பது ஸ்காட்ச் 23. 19 மி.மீ. அகலம், 9 மீட்டருக்குச் சற்று அதிக நீளம், 0.76 மி.மீ. கனம். எத்திலீன் புரொப்பிலீன் ரப்பர். இதில் ஒட்டும் பசை கிடையாது. இழுத்துச் சுற்றினால் அடுக்குகள் தாமாக ஒன்றோடொன்று கலந்து ஒரே ரப்பர் கட்டியாகிவிடும். பிறகு கத்தியால் குறுக்கே வெட்டிப் பார்த்தாலும் அடுக்கு தெரியாது. சந்து இல்லை, அதனால் சுருள் பாதையும் இல்லை. தொடர்ந்து 90 டிகிரி வரை தாங்கும். உயர் அழுத்தக் கேபிள் ஜாயிண்டுகளுக்கே போடுகிற பொருள் என்பதால் 230, 415 வோல்ட்டெல்லாம் அதற்கு ஒரு பொருட்டில்லை.

இதில் நடக்கும் தவறுகள் மூன்று. முதலாவது, நடுவில் வரும் லைனர் தாளை உரிக்காமல் சேர்த்துச் சுற்றுவது. அப்படிச் சுற்றினால் அடுக்குகள் ஒட்டவே ஒட்டாது. இரண்டாவது, கறுப்பு டேப் மாதிரி தளர்வாகச் சுற்றுவது. அகலம் முக்கால் பங்காகக் குறையும் அளவுக்கு, அதாவது 19 மி.மீ. டேப் 14 மி.மீ. ஆகும்வரை இழுத்துச் சுற்ற வேண்டும். அந்த இழுப்புதான் காற்றை வெளியேற்றி அடுக்குகளைச் சேர்க்கிறது. மூன்றாவது, மேலே ஒன்றும் போடாமல் அப்படியே விடுவது. ரப்பர் மென்மையானது, உரசல் தாங்காது. மேலே பிவிசி டேப் இரண்டு அடுக்கு கட்டாயம்.

இதன் விலை சில நூறு ரூபாய். கடைக்காரர் "இது எதுக்கு சார், பத்து ரூபா டேப் போதும்" என்பார். ஒரு தடவை போர் மோட்டாரை வெளியே இழுத்து மறுபடி இறக்கும் கூலியோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாஸ்டிக் டேப்

ஸ்காட்ச் 2228 என்று கேட்க வேண்டும். 1.65 மி.மீ. கனமான ரப்பர் பட்டை. ஒரு பக்கம் பிசுபிசுப்பான மாஸ்டிக் பூச்சு. பள்ளம், இடுக்கு, லக்கின் (ஒயர் முனையில் மாட்டும் உலோகக் காது) மூலை என எல்லாவற்றிலும் இளகிப் போய் அடைத்துக்கொள்ளும். ஆயிரம் வோல்ட் வரை இதையே முதன்மை இன்சுலேஷனாகப் போடலாம் என்று தயாரிப்பாளரே சொல்கிறார். வெயிலும் தாங்கும். குறை ஒன்றுதான்: பின்னாளில் பிரிக்க வேண்டி வந்தால் கை, கட்டர், சட்டை எல்லாம் பிசினாகும். பிரிக்க நேரும் என்று தெரிந்த இடத்தில் முதலில் கறுப்பு டேப் ஒரு அடுக்கைப் பசைப்பக்கம் வெளியே இருக்கும்படி சுற்றி, அதன் மேல் மாஸ்டிக் போட்டால் மொத்தமாகக் கழன்று வரும். இந்தத் தந்திரம் நிலத்துக்கு மேலே இருக்கும் ஜாயிண்டுக்கு மட்டும். தண்ணீருக்குள் போவதற்கு வேண்டாம்.

போர் மோட்டார் ஜாயிண்டில் இந்த இரண்டும்

சப்மெர்சிபிள் மோட்டாரோடு வரும் ஒயர் குட்டை. ஆகவே கீழே ஒரு ஜாயிண்ட் தவிர்க்க முடியாதது. இரண்டாவது ஜாயிண்ட் மட்டும் போடவே கூடாது. முழு ஆழத்துக்கும் ஒரே நீளக் கேபிள் வாங்குவதே லாபம். இந்த ஜாயிண்ட் மற்றவை மாதிரி இல்லை. ஒவ்வொரு 10 மீட்டர் நீர் உயரத்துக்கும் ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம் கூடும். மேலே 50 மீட்டர் தண்ணீர் நின்றால் 5 பார். ஜாயிண்டுக்குள் ஒரு காற்றுக் குமிழி இருந்தால் அந்த அழுத்தம் அதை நசுக்கித் தண்ணீரை உள்ளே தள்ளும். ஆகவே இங்கே கனத்தைவிட, உள்ளே வெற்றிடம் இல்லாமல் இருப்பதே முக்கியம்.

செய்முறை இப்படி. மெயினை இறக்கிப் பூட்டிவிட்டுத் தொடங்குங்கள். மூன்று கோர் (உள்ளிருக்கும் தனி ஒயர்) கொண்ட ஃபிளாட் கேபிளின் வெளியுறையை இரண்டு பக்கமும் சுமார் 20 செ.மீ. உரிக்கவும். மூன்று கோரையும் ஒரே இடத்தில் இணைக்காமல் 5 செ.மீ. தள்ளித் தள்ளிப் படிக்கட்டாக வெட்டவும். அப்போதுதான் ஜாயிண்ட் ஒல்லியாக இருக்கும். ஒரு கோரின் இணைப்பு இன்னொன்றோடு உரசவும் செய்யாது. ஒயரின் சதுர மி.மீ. அளவுக்குச் சரியான செம்பு டியூப் கனெக்டரைப் போட்டு, அதற்குரிய கிரிம்பிங் டூலால் பக்கத்துக்கு இரண்டு அழுத்தம் கொடுக்கவும். கட்டிங் பிளேயரால் நசுக்குவது கிரிம்ப் ஆகாது. இழுத்துப் பார்த்து அசையவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஒயரை முறுக்கி விடுவது மட்டும் இங்கே செல்லவே செல்லாது.

அடுத்தது பலரும் தாண்டிப் போகும் படி: சுத்தம் செய்தல். இன்சுலேஷன் மேலும் வெளியுறை மேலும் எண்ணெய், மண், கைவியர்வை இருந்தால் ரப்பர் ஒட்டாது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்து, வெளியுறையைக் கேபிளின் குறுக்கு வாட்டில் உப்புத்தாளால் லேசாகச் சுரண்டி, மறுபடி துடைக்கவும். நீள வாட்டில் சுரண்டினால் அந்தக் கீறல்களே தண்ணீருக்குக் கால்வாய் ஆகிவிடும். பெட்ரோல், டீசல் போட்டுத் துடைக்காதீர்கள். எண்ணெய்ப் படலம் தங்கும், ரப்பரும் ஊதும்.

இப்போது ஒவ்வொரு கோருக்கும் ரப்பர் டேப். பாதி அகலம் மேலேறும்படி, கனெக்டரின் இரு பக்கமும் இன்சுலேஷன் மீது 25 மி.மீ. வரை போய், போக ஒன்று வர ஒன்று. மொத்த ரப்பர் கனம் பழைய இன்சுலேஷனைப் போல ஒன்றரை மடங்கு இருக்க வேண்டும் என்பது பொதுக் கணக்கு; இப்படி இரண்டு சுற்று போட்டாலே அதைத் தாண்டிவிடும். மூன்று கோரையும் சேர்த்துப் பிடித்தால் நடுவில் பள்ளம் விழும். அதில் மாஸ்டிக்கைக் கீற்றாக வெட்டித் திணிக்கவும். உரித்த வெளியுறை முடியும் வாயில், கோர்களுக்கு நடுவே உள்ள குழியையும் அடைக்க வேண்டும். தண்ணீர் உள்ளே போகும் வாசல் பெரும்பாலும் அந்தக் குழிதான். பிறகு மொத்தத்துக்கும் மேல் மாஸ்டிக் டேப், இரு பக்கமும் வெளியுறை மேல் குறைந்தது 5 செ.மீ. ஏறும்படி. கடைசியாக கறுப்பு டேப் இரண்டு அடுக்கு. 25 மி.மீ. அகல மாஸ்டிக் 3 மீட்டர் சுருளில் பாதி செலவாகும். ரப்பர் டேப் கோர்களுக்கு மட்டும் என்றால் ஒன்றரை மீட்டருக்குள் முடிந்துவிடும். மாஸ்டிக் கிடைக்காமல் வெளிச்சுற்றுக்கும் ரப்பரையே போட்டால் ஐந்தாறு மீட்டர் பிடிக்கும்.

இறக்கும்போது ஜாயிண்ட் பைப் சாக்கெட் மேல் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். 4½ அங்குல போரில் இடம் அவ்வளவு இல்லை. கேசிங்கில் உரசி எல்லா வேலையும் பாழாகும். ஜாயிண்டுக்கு மேலும் கீழும் கேபிளைப் பைப்போடு கட்டி, நடுவில் இழுவை இல்லாமல் சற்றுத் தளர விடவும்.

பசை பூசிய ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ்

கடையில் "ஹீட் ஷ்ரிங்க்" என்று கேட்டால் வருவது பெரும்பாலும் மெல்லிய, பசையில்லாத 2:1 ஸ்லீவ், அதாவது விட்டம் பாதியாகச் சுருங்குவது. அது சுருங்கிப் பிடிக்கும், தண்ணீரைத் தடுக்காது. கேட்க வேண்டியது உள்ளே பசை பூசிய 3:1 அல்லது 4:1 ஸ்லீவ். வெட்டிய வாயில் பார்த்தால் உள்பக்கம் மங்கலான மெழுகு மாதிரி ஒரு அடுக்கு தெரியும். சென்னை ரிச்சி தெருவில் மீட்டர் கணக்கில் கிடைக்கிறது.

அளவு தேர்வில் ஒரே விதி: முழுசாகச் சுருங்கிய பிறகு வரும் விட்டம், மூட வேண்டிய பொருளைவிடக் குறைவாக இருக்க வேண்டும். 4 சதுர மி.மீ. ஒயருக்கு 9/3 மி.மீ. (சுருங்கும் முன் 9, சுருங்கிய பின் 3) ஸ்லீவ் சரியாக வரும். நீளவாட்டிலும் கொஞ்சம் சுருங்கும் என்பதால் 80 மி.மீ. மூட வேண்டுமானால் 90 மி.மீ. வெட்டுங்கள். கிரிம்ப் செய்வதற்கு முன்பே ஸ்லீவை ஒயரில் கோத்துத் தள்ளி வைக்க வேண்டும். இதைச் சொல்லத் தேவையில்லை என்று தோன்றும், ஆனால் மறக்காத எலக்ட்ரீஷியன் உலகத்தில் இல்லை.

சூடாக்குவதற்கு ஹீட் கன் வேண்டும். நடுவில் தொடங்கி முனைகளை நோக்கி, சுற்றிச் சுற்றி நகர்த்திக்கொண்டே காட்டவும். ஸ்லீவ் சுமார் 90 டிகிரிக்கு மேல் சுருங்கத் தொடங்கும். 120 டிகிரியை ஒட்டி முழுசாக இறங்கும். சாதாரண பிவிசி ஒயரின் இன்சுலேஷனோ 70 டிகிரிக்குத்தான் வடிவமைக்கப்பட்டது. ஒரே இடத்தில் நிறுத்தினால் உள்ளே ஒயர் வெந்துவிடும். வேலை முடிந்ததற்கு அடையாளம் இரண்டு முனையிலும் வளையமாக வெளியே பிதுங்கும் பசை. பிதுங்கவில்லை என்றால் உள்ளே ஒட்டவில்லை. லைட்டர், தீக்குச்சி, மெழுகுவர்த்தி எல்லாம் வெளித்தோலைக் கருக்கும், உள்ளே பசை உருகாமலே நிற்கும். ஆறுவதற்கு முன் ஒயரை வளைத்தால் பசை விட்டுப்போகும், கை சும்மா இருக்கட்டும்.

இதன் எல்லை தெரிந்திருக்க வேண்டும். வட்டமான ஒயருக்கு இது அருமையான பொருள். ஃபிளாட் கேபிளுக்கும், இரண்டு மூன்று ஒயர் ஒன்றாக நுழையும் வாய்க்கும் ஏமாற்றும். ஒயர்களுக்கு இடையே உள்ள முக்கோணச் சந்தைப் பசை நிரப்பாது. அங்கே முதலில் மாஸ்டிக் துண்டு வைத்து அடைத்துவிட்டு ஸ்லீவ் இறக்கலாம். வெளிவெயிலுக்குக் கறுப்பு நிற ஸ்லீவ் மட்டுமே. வண்ண ஸ்லீவும் கண்ணாடி ஸ்லீவும் வெயிலில் வெடித்துவிடும்.

ஆன்லைனில் கலர் கலராக விற்கும் சால்டர் சீல் ஸ்லீவ்கள் பற்றியும் கேட்கிறார்கள். நடுவில் குறைந்த சூட்டில் உருகும் சால்டர் வளையம், இரு பக்கமும் பசை. நீர் தடுப்பு நன்றாகவே இருக்கிறது. இணைப்புத்தான் பலவீனம்: கருத்த செம்பில் சால்டர் பிடிக்காது, பிடித்த மாதிரி தோன்றும். டிரெய்லர் விளக்கு, சைரன் மாதிரி சின்ன கரண்டுக்கு ஓகே. மோட்டாருக்கும் 230 வோல்ட்டுக்கும் வேண்டாம்.

சிலிகான் கிரீஸ், வாசலின், டபிள்யூடி-40

மூன்றையும் ஒன்று என்று நினைத்துத் தடவுவது நம் ஊர் வழக்கம். வேலை மூன்றுக்கும் வேறு.

சிலிகான் கிரீஸ், டைஎலக்ட்ரிக் கிரீஸ் என்றும் சொல்வார்கள். மோலிகோட் 4, பெர்மாடெக்ஸ் போன்றவை கிடைக்கும். சிலிகான் எண்ணெயில் சிலிகாப் பொடி கலந்த பசை. 200 டிகிரி சூட்டிலும் உருகி ஓடாது, தண்ணீரில் கரையாது. இது கரண்டைக் கடத்தாது. அப்புறம் எப்படி கப்ளருக்குள் தடவலாம் என்ற சந்தேகம் எல்லோருக்கும் வரும். பின்னும் சாக்கெட்டும் ஸ்பிரிங் அழுத்தத்தில் தொடும் புள்ளிகளிலிருந்து கிரீஸ் விலகிப்போகும். சுற்றியுள்ள வெற்றிடத்தில் மட்டும் தங்கி ஈரத்துக்கு இடமில்லாமல் செய்யும். தளர்ந்துபோன கப்ளரில் அந்த அழுத்தம் இருக்காது. ஆகவே முதலில் பின்னை இறுக்க வேண்டும்.

ஒரு பின்னுக்குக் கடுகளவு, கப்ளரின் ரப்பர் சீலில் ஒரு மெல்லிய பூச்சு, அவ்வளவு போதும். நிறைய அப்பினால் சீல் உள்ள கப்ளர் முழுசாக உள்ளே போகாமல், கிளிப் மாட்டாமல் நிற்கும். தடவும் முன் பச்சையை அகற்றியாக வேண்டும். உப்பு தண்ணீரில்தான் கரையும், ஸ்பிரேயில் கரையாது. பேட்டரியைக் கழற்றிவிட்டு, டிஸ்டில்டு வாட்டரில் கழுவி, கான்டாக்ட் கிளீனர் அடித்து, நன்றாகக் காயவிட்டுப் பிறகு கிரீஸ். உப்பின் மேல் கிரீஸைப் போட்டால் உப்பையும் ஈரத்தையும் சேர்த்து உள்ளே பூட்டி வைத்த கதைதான்.

தடவக் கூடாத இடமும் உண்டு. சுவிட்ச், ரிலே, கான்டாக்டர் போல தீப்பொறி வரும் தொடுமுனைகளுக்குப் பக்கத்தில் சிலிகான் எதையும் கொண்டுபோகாதீர்கள். பொறியின் சூட்டில் சிலிகான் மணல் மாதிரி கடினமான சிலிகாவாக மாறித் தொடுமுனையில் படிந்துவிடும். பிறகு அங்கே கரண்ட் போகாது. மோட்டார் ஸ்டார்ட்டருக்குள் "மழைக்குப் பாதுகாப்பாக" கிரீஸ் அடிப்பது இந்த வகைக் கேடு. சிலிகான் ரப்பரால் ஆன சீல்களையும் இந்தக் கிரீஸ் ஊதவைக்கும்.

வாசலின் மலிவு. இன்வெர்ட்டர் பேட்டரி டெர்மினலுக்கு அதுவே போதும்: சமையல் சோடா கரைத்த தண்ணீரால் பூத்ததைக் கழுவி, துடைத்து, நட்டை இறுக்கிவிட்டு மேலே பூசுங்கள். வண்டி என்ஜின் பக்கம் அது நிற்காது. 40 முதல் 60 டிகிரிக்குள் உருகி வழிந்துவிடும். இயற்கை ரப்பர் உறையையும் கெடுக்கும்.

டபிள்யூடி-40 பிறந்தது 1953இல், அமெரிக்காவின் சான் டியேகோவில். தண்ணீரை விலக்கும் கலவைக்கான 40ஆவது முயற்சி என்பதுதான் பெயர். பெயருக்கேற்ற வேலையை ஒழுங்காகச் செய்கிறது: நனைந்த கப்ளரிலிருந்து தண்ணீரைத் தள்ளிவிடும். கரைப்பான் ஆவியான பிறகு மிஞ்சுவது மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டும், கடலோரத்தில் அது அதிக நாள் தாங்காது. முதலுதவி என்ற அளவில் நல்ல பொருள். நிரந்தரப் பாதுகாப்பு என்று அடித்துவிட்டுப் போனால் அடுத்த மழையில் திரும்ப வர வேண்டும்.

ஜெல் பெட்டியும் மலிவு மாற்றுகளும்

வாகோ 221 லீவர் கனெக்டரை வாகோவின் ஜெல்பாக்ஸுக்குள் வைத்து மூடுவது தோட்ட விளக்குகளுக்கு அழகான தீர்வு. ஒயரை 11 மி.மீ. சீவி, லீவரைத் தூக்கி நுழைத்து, மூடி, பெட்டிக்குள் அழுத்தினால் ஜெல் சுற்றிலும் சூழ்ந்துகொள்ளும். கனெக்டர் 4 சதுர மி.மீ., 32 ஆம்பியர் வரை. ஜெல்லில் சிலிகான் இல்லை, பெட்டிக்கு நீரில் மூழ்குவதைத் தாங்கும் ஐபிஎக்ஸ்8 தரம், திறந்து பார்க்கவும் முடியும். ஹீட் கன் தேவையில்லை, சூடும் இல்லை. விலைதான் கடிக்கிறது. ஐபிஎக்ஸ்8 என்று போட்டிருப்பதால் போருக்குள் இறக்கிவிடலாம் என்று நினைக்காதீர்கள். அந்தத் தரம் தயாரிப்பாளர் குறிப்பிடும் ஆழத்துக்கும் நேரத்துக்கும் மட்டும்.

ஜெல் நிரப்பிய சின்ன ஸ்காட்ச்லாக் பட்டன்கள் பை பையாக மலிவாகக் கிடைக்கின்றன. அவை 0.4 முதல் 0.9 மி.மீ. டெலிபோன் ஒயருக்கானவை. காலிங் பெல், இன்டர்காம், சிசிடிவி சிக்னல் ஒயருக்குப் போடலாம்; 230 வோல்ட் விளக்குக்குப் போடுவது ஆபத்து.

சிலிகான் சீலன்ட் குழாயை வாங்கி ஜாயிண்ட் மேல் பிதுக்கிவிடுகிறவர்கள் மூடியைத் திறந்து முகர்ந்து பார்க்கட்டும். வினிகர் வாசனை வந்தால் அது காயும்போது அசிட்டிக் அமிலத்தை விடும் வகை, செம்பைத் தின்னும். பாத்ரூம் கண்ணாடிக்கு வைத்துக்கொள்ளுங்கள். மின்வேலைக்கு நியூட்ரல் க்யூர் என்று எழுதியதை மட்டும் வாங்கவும், அதுவும் பெட்டியின் வாயை அடைக்க. வெறும் செம்பு மேல் தடவ வேண்டாம். எம்-சீல் போன்ற எபாக்ஸி மாவு பைப்புக்கு. கல்லாக இறுகும், கேபிளோ வளையும், சூட்டில் நீளும். ஆகவே ஓரத்தில் விரிசல் விழும். ஜாயிண்ட் மேல் அதை உருட்டி வைப்பதை இன்றும் பார்க்க முடிகிறது.

அலுமினியமும் செம்பும் சேரும் இடத்தில் மேலே சொன்ன எதுவும் தனியாகப் போதாது. ஈரம் பட்டால் அலுமினியம் கரையத் தொடங்கும். அங்கே பைமெட்டல் லக் (ஒரு பக்கம் அலுமினியம், மறுபக்கம் செம்பு), அலுமினியத்தைச் சுரண்டிய உடனே ஆக்சைடு தடுப்புப் பசை, அப்புறம்தான் டேப். மீட்டருக்கு முன்னால் வரும் சர்வீஸ் ஒயர் மின்வாரியத்தின் பொறுப்பு. அதை நாம் தொடக் கூடாது.

பெட்டி வாங்கும்போது

ஐபி65, ஐபி66 என்ற எண்கள் தண்ணீர் பீய்ச்சுவதைத் தாங்குமா என்பதைச் சொல்கின்றன. ஐபி67 என்பது ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம். உப்பு, வெயில், உள்ளே வியர்ப்பது ஆகியவற்றைப் பற்றி இந்த எண்கள் ஒன்றும் சொல்வதில்லை. பகலில் சூடாகும் பெட்டி காற்றை வெளியே விடும், மாலை மழையில் குளிரும்போது ஈரக்காற்றை உள்ளே இழுக்கும். அந்த ஈரம் உள்ளேயே நீர்த்துளியாகும். இறுக்கமான பெட்டியில் இது போக வழியில்லாமல் தேங்கும். ஆகவே பெட்டியின் அடியில், மிகத் தாழ்ந்த இடத்தில், 5 மி.மீ. துளை ஒன்று போட்டு நைலான் வலை ஒட்டுவது நல்லது. வலை இல்லையென்றால் எறும்பும் குளவியும் குடியேறும். பல்லி நுழைந்தால் பெட்டியும் போச்சு, பல்லியும் போச்சு.

ஒயர் கீழிருந்து அல்லது பக்கத்திலிருந்து நுழைய வேண்டும், மேலிருந்து ஒருபோதும் வேண்டாம். நுழைவதற்கு முன் ஒயரை ஒரு சாண் கீழே தொங்கவிட்டு வளைத்து மேலேற்றினால் தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும். கேபிள் கிளாண்ட் (ஒயர் நுழையும் துளையில் ஒயரை இறுக்கிப் பிடிக்கும் நட்டு) ஒன்றில் வட்டமான கேபிள் ஒன்று. பிஜி 13.5 அளவு 6 முதல் 12 மி.மீ. கேபிளைப் பிடிக்கும். மூன்று தனி ஒயரை ஒரே கிளாண்டில் திணித்தால் நட்டை எவ்வளவு முறுக்கினாலும் நடுவில் சந்து இருக்கும்.

சோதிப்பது

ஜாயிண்டை இறக்குவதற்கு முன் பக்கெட்டில் சோதிக்கலாம். தண்ணீரில் ஒரு கை உப்பு போட்டு, ஜாயிண்டை மூழ்கவைத்து, கேபிளின் இரண்டு முனையும் வெளியே காய்ந்து இருக்கும்படி பிடிக்கவும். மோட்டாரையும் ஸ்டார்ட்டரையும் இணைக்காமல், 500 வோல்ட் மெக்கரின் (இன்சுலேஷனை அளக்கும் கருவி) ஒரு முனையைக் கோர்களிலும் மறுமுனையைத் தண்ணீரில் விட்ட செம்புக் கம்பியிலும் வைக்கவும். புதுக் கேபிளில் நூறு மெகாஓமுக்கு மேல் காட்ட வேண்டும். ஒரு மணி நேரம் ஊறவிட்டு மறுபடி பாருங்கள். முதலில் நூறு காட்டி ஊறியபின் ஐந்துக்கு இறங்கினால், எங்கோ நூலளவு வழி இருக்கிறது. பிரித்துப் புதிதாகப் போடுவதுதான் வழி. மேலே இன்னொரு சுருள் டேப் சுற்றுவது வேலைக்காகாது, தண்ணீர் ஏற்கெனவே உள்ளே போய்விட்டது.

மோட்டாரோடு சேர்த்து இறக்கியபின் வரும் எண் குறைவாக இருக்கும், அது இயல்பு. அந்த எண்ணைத் தேதியோடு ஸ்டார்ட்டர் பெட்டியின் மூடிக்குள் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மெகாஓமுக்குக் கீழே வந்துவிட்டால் மோட்டாரை ஓட்டக் கூடாது. மழைக்காலத்தில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) அடிக்கடி விழுகிறது என்று அதை பைபாஸ் செய்துவிட்டு ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். விழுவதற்குக் காரணம் பெரும்பாலும் இப்படி ஒரு ஈர ஜாயிண்ட்தான். லைனை ஒவ்வொரு கிளையாகக் கழற்றி மெக்கர் வைத்தால் அரைமணி நேரத்தில் இடம் தெரிந்துவிடும்.

வாங்கும்போது ரப்பர் டேப்பின் உறையில் தயாரிப்புத் தேதி பாருங்கள். பழைய சரக்கு இழுத்தால் அறுந்துபோகும், அடுக்குகள் சேரவும் சேராது. கடையிலேயே இரண்டு அங்குலம் வெட்டி, இழுத்து, தன்மேலேயே மடித்து அழுத்திப் பார்க்கலாம். நல்ல டேப் என்றால் பிரிக்க வராது. மிச்சத்தை வெயிலில் நிற்கும் வண்டிக்குள் போட்டுவைக்காமல், பாலித்தீன் பையில் சுற்றி வீட்டுக்குள் வைத்தால் அடுத்த வேலைக்கும் உதவும்.